கடைசியாக மழை எப்போது பெய்தது?

சனி, ஞாயிறு இரண்டு நாள். ஐந்து பேர், ஐந்து மோட்டார் சைக்கிள்கள். சென்னையிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, வேலூர், வாணியம்பாடி தாண்டி ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறுவது. காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடங்களை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு ஜமுனாமரத்தூரில் தங்குவது. மறுநாள் போளூர்ப் பக்கமாக இறங்கி வீடு திரும்புவது. இடையில் தார்ச்சாலையை விட்டு விலகி, ஊருக்கு ஊர் போகும் மண் பாதைகளில் முடிந்த மட்டும் ஓட்டுவது. இதுதான் திட்டம்.

வாட்ஸ்அப்பில் மூன்று நாள் பேச்சு ஓடியது. ஹிமாலயன் வண்டி நல்லதா, எக்ஸ்பல்ஸ் வண்டி நல்லதா? சாதா டயர் போதுமா, பெரிய புடைப்புகள் உள்ள பட்டன் டயர் மாட்ட வேண்டுமா? பிரியாணியை ஆம்பூரில் சாப்பிடுவதா வாணியம்பாடியில் சாப்பிடுவதா என்பதற்கு மட்டும் நாற்பது செய்திகள் வந்திருக்கும். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த மலையில் கடைசியாக மழை எப்போது பெய்தது?

கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். மண் பாதையில் வண்டி நிற்குமா, வழுக்குமா, புதையுமா என்பதை எஞ்சினின் சி.சி. முடிவு செய்வதில்லை; மண்ணும் அதில் உள்ள தண்ணீரும்தான் முடிவு செய்கின்றன. தார்ச்சாலையில் ரப்பர் நெளிகிறது, தரை அசையாமல் கிடக்கிறது. அதனால் பிடிமானம் பெரும்பாலும் டயரின் தரத்தைப் பொறுத்தது. மண்ணில் கதை வேறு. டயரின் பட்டன்கள் மண்ணைக் கவ்விக்கொள்கின்றன. கவ்விய மண்துகள்கள் பக்கத்துத் துகள்களின் மேல் சறுக்குகின்றன. அதாவது வழுக்குவது டயரும் மண்ணும் சேரும் இடத்தில் அல்ல, மண்ணுக்கு உள்ளே. பத்தாயிரம் ரூபாய் டயர் போட்டாலும் அந்த மண்ணால் தாங்க முடிந்த அளவுக்கு மேல் ஒரு துளிப் பிடிமானம்கூடக் கிடைக்காது.

மணலை எடுத்துக்கொள்வோம். காய்ந்த மணலைக் கையில் அள்ளிக் கொட்டினால் ஏறத்தாழ 34 டிகிரிச் சரிவில் ஒரு குவியலாக நிற்கும். அதற்கு மேல் செங்குத்தாக நிற்க அதற்குத் திராணி இல்லை. துகளுக்கும் துகளுக்கும் இடையில் உராய்வு மட்டுமே இருக்கிறது, ஒட்டுதல் இல்லை. அதே மணலில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். துகள்கள் தொடும் இடங்களில் நுண்ணிய நீர்ப்பாலங்கள் உருவாகி, பரப்பு இழுவிசையால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். மெரினாவில் குழந்தைகள் கட்டும் கோபுரம் செங்குத்தாக நிற்பது இதனால்தான்.

பண்டைய எகிப்தில் ஜெகுதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது. பிரம்மாண்டமான சிலையைச் சறுக்குக் கட்டையில் வைத்து வரிசை வரிசையாக ஆட்கள் இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவர் முன்னால் கிடக்கும் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். ஏதோ சடங்கு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டேனியல் பான் குழுவினர் சோதனைச்சாலையில் மணல் தட்டில் ஒரு சிறு சறுக்குக் கட்டையை இழுத்துப் பார்த்தார்கள். காய்ந்த மணலில் கட்டைக்கு முன்னால் மணல் குவிந்து வழியை மறித்தது. சில சதவீத ஈரம் சேர்ந்ததும் மணல் இறுகியது, குவியல் மறைந்தது, இழுக்கத் தேவைப்பட்ட விசை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தண்ணீர் கூடியபோது மறுபடியும் கெட்டது.

வண்டியின் முன்சக்கரம் காய்ந்த மணலில் செய்வது அந்தச் சறுக்குக் கட்டை செய்த வேலையைத்தான். தனக்கு முன்னால் ஒரு சிறு மேட்டைத் தானே குவித்துக்கொண்டு அதன் மேல் ஏற முயல்கிறது. ஏற முடியாமல் பக்கவாட்டில் திரும்புகிறது. ஓட்டுபவர் கைப்பிடியை இறுக்கித் திருப்ப, சக்கரம் மணலை உழ, வண்டி சாய்கிறது. மணலில் விழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலோர் இந்த வரிசையைத்தான் சொல்வார்கள்.

தண்ணீர் அதிகமானால் என்ன ஆகிறது? துகள்களுக்கு இடையில் உள்ள காற்று முழுவதும் வெளியேறி அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிடும். நீர்ப்பாலங்கள் கரைந்துபோகும். அதைவிட மோசம், மேலே வரும் பாரத்தின் ஒரு பகுதியைத் தண்ணீரே தாங்கத் தொடங்கும். துகளைத் துகள் அழுத்தினால்தான் உராய்வு. பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொண்டால் துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறையும், உராய்வும் குறையும். மண் இயக்கவியலின் தந்தை என்று சொல்லப்படும் கார்ல் டெர்சாகி கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த விதி இது. அணை கட்டுபவர்களுக்கும் பாலத்துக்கு அடித்தளம் போடுபவர்களுக்கும் பாலபாடம். சேற்றில் சிக்கிய மோட்டார் சைக்கிளும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க சக்கரம் இன்னும் ஆழத்துக்குப் போகும்.

மெரினாவில் ஈர மணலில் நடக்கும்போது காலைச் சுற்றி மணல் ஒரு நொடி வெளுத்துக் காய்ந்ததுபோல் தெரியும், கவனித்திருப்பீர்கள். நெருக்கமாக அடுக்குண்ட துகள்களை மிதித்தால் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலக வேண்டியிருக்கிறது, இடைவெளி கூடுகிறது, மேலே நின்ற தண்ணீர் அந்த இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1885இல் விளக்கிய விளைவு இது. கடற்கரையிலோ ஆற்றங்கரையிலோ இறங்குவதற்கு முன் ஒரு மிதி மிதித்துப் பாருங்கள். சுற்றிலும் வெளுத்தால் அந்த மணல் நெருக்கமாக இருக்கிறது, ஓரளவு நம்பலாம். வெளுக்காமல் கொழகொழவென்று நீர் மேலே வந்தால் வண்டியை அங்கே இறக்காதீர்கள்.

களிமண் இன்னொரு வகை. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண்ணில் தண்ணீரை உறிஞ்சி வீங்கும் நுண்ணிய களிமத் தகடுகள் நிறைய உண்டு. காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் பசை. பட்டன் டயரின் இடுக்குகளை ஒரே சுற்றில் அடைத்து, டயரை மொழுமொழுவென்று ஆக்கிவிடும். பிறகு மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் சேர்ந்து முன்சக்கரத்தையே பிடித்து நிறுத்தும். கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்படும் அட்வெஞ்சர் வண்டிகளின் முன் மட்கார்டு பறவை அலகுபோல உயரத்தில் நிற்பதற்கு அழகு ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். கரிசல் காட்டில் மழை நாளில் எந்த வண்டியும் ஓடாது. அந்த ஊர்க்காரர்கள் அன்றைக்கு வண்டியை எடுக்கவே மாட்டார்கள். கற்றுக்கொள்ள வேண்டிய முதல் ஓட்டுநர் உத்தி அதுதான்.

ஜவ்வாது மலையின் பாதைகள் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் கலந்தவை. மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு இந்த மண் மிக நல்ல நிலைக்கு வரும்: உள்ளே ஈரம், மேலே இறுக்கம், புழுதி குறைவு. பெய்த அன்றைக்கே போனால் வழுக்கல். இரண்டு மாதம் காய்ந்த பிறகு போனால் சரளை உருண்டு கோலிக்குண்டுகளின் மேல் ஓட்டுவது போல் இருக்கும். வானிலைச் செயலியில் பார்ப்பதைவிட அடிவாரத்து டீக்கடையில் கேட்பது மேல். மலை மழைக்கு ஊர் எல்லை தெரியாது. ஒரு சரிவில் கொட்டியது அடுத்த சரிவில் தூறியிருக்காது.

சரி, மண்ணை மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது என்ன? முதலில் காற்று.

வண்டி 200 கிலோ, ஓட்டுபவர் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பாரம், 140 கிலோ, முன்சக்கரத்தில். டயருக்குள் 30 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்கத் தரையில் பதியும் பரப்பு சுமார் 66 சதுர சென்டிமீட்டர். பாரத்தை அழுத்தத்தால் வகுத்தால் வரும் எளிய கணக்குதான். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் தாங்கும் என்பதால் உண்மையில் சற்று மாறும். காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் பரப்பு ஏறத்தாழ 110 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. அதே பாரம், ஒன்றரை மடங்குக்கும் அதிகமான இடத்தில் பரவுகிறது. மண்ணின் ஒவ்வொரு துகளும் தாங்க வேண்டியது குறைகிறது. ஒட்டகத்தின் அகன்ற பாதத்துக்கும் இதே கணக்குதான்.

காற்று குறைந்த டயர் கூரான கல்லில் மோதும்போது துள்ளுவதற்குப் பதில் அதைச் சுற்றிக் குழைந்து போகிறது. அதற்கு விலையும் உண்டு. ஒரேயடியாகக் குறைத்துவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டை விழும். ரிம்மும் நெளியும். கல் நிறைந்த பாதையில் நான் 22க்குக் கீழே இறக்குவதில்லை. மணலுக்கு மட்டும்தான் 18. இன்னொரு விஷயம், காற்றை எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். டயருக்குள் வெப்பம் 10 டிகிரி ஏறினால் 30 பி.எஸ்.ஐ. டயரில் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடிவிடும். வேலூர் வெயிலில் நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓடி வந்த டயரில் பார்க்கும் எண் பொய் சொல்லும். கையடக்கப் பம்பும் காற்று மானியும் இல்லாமல் இந்தப் பயணத்துக்குக் கிளம்பாதீர்கள். வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

சக்கரத்தின் அளவைப் பற்றியும் நிறையப் பேசுவார்கள். பல அட்வெஞ்சர் வண்டிகளில் முன்சக்கரம் 21 அங்குலம், சாதாரண வண்டிகள் பலவற்றில் 17. பெரிய சக்கரம் கல்லில் சுலபமாக ஏறும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு சுலபம் என்று கணக்குப் போட்டால், 10 சென்டிமீட்டர் உயரக் கல்லை 17 அங்குலச் சக்கரம் சுமார் 49 டிகிரிக் கோணத்தில் சந்திக்கிறது, 21 அங்குலச் சக்கரம் சுமார் 45 டிகிரியில். நான்கு டிகிரி. விளம்பரம் சொல்லும் அளவுக்கு அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சாதாரண வண்டி வைத்திருக்கும் நண்பரைக் குழுவிலிருந்து கழற்றிவிட இது போதுமான காரணம் கிடையாது.

அடுத்து, நிற்பது. மண் பாதை வந்ததும் அனுபவசாலிகள் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நிற்பார்கள். ஏன் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர், "நின்னா வெயிட் கீழ ஃபுட்ரெஸ்ட்டுக்குப் போயிடும், சென்டர் ஆஃப் கிராவிட்டி இறங்கும்" என்பார்கள். இது தவறு. எழுந்து நிற்பவரின் நிறை மையம் மேலேதான் போகும். வண்டியின் மையம் அரை மீட்டர் உயரத்திலும் உட்கார்ந்தவரின் மையம் ஒரு மீட்டர் உயரத்திலும் இருந்தால், அவர் நின்றதும் இரண்டும் சேர்ந்த மையம் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர் உயர்கிறது.

பிறகு ஏன் நிற்பது நல்லது? உட்கார்ந்திருக்கும்போது நீங்களும் வண்டியும் ஒரே கட்டை. பள்ளத்தில் வண்டி குதித்தால் நீங்களும் குதிப்பீர்கள். வண்டி சாய்ந்தால் 280 கிலோவும் சேர்ந்து சாயும். நிற்கும்போது முழங்காலும் இடுப்பும் வளைந்து நிமிரும் இரண்டாவது ஷாக் அப்சார்பர் ஆகிவிடுகின்றன. வண்டி கீழே ஆடிக்கொள்கிறது, நீங்கள் மேலே ஏறத்தாழ நேர்கோட்டில் போகிறீர்கள். இடது காலை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் சாயும், உடம்பு சாய வேண்டியதில்லை. கூடவே கண் உயரத்தில் இருப்பதால் அடுத்த பள்ளம் முன்கூட்டியே தெரிகிறது.

கைப்பிடியைத் தளர்வாகப் பிடிக்கச் சொல்வதற்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. ஓடும் இருசக்கர வண்டி தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும். ஆளில்லாத சைக்கிளைத் தள்ளிவிட்டால் கொஞ்ச தூரம் விழாமல் போவதைப் பார்த்திருக்கிறோம். சுழலும் சக்கரத்தின் பம்பர விளைவுதான் காரணம் என்று பள்ளியில் படித்தோம். 1970இல் டேவிட் ஜோன்ஸ், பம்பர விளைவை ரத்து செய்யும்படி எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திய சைக்கிளை ஓட்டிக் காட்டினார்; ஓட்ட முடிந்தது. 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பர விளைவும் இல்லாமல், திருப்பும் அச்சுக்குப் பின்னால் முன்சக்கரம் தரையைத் தொடுவதால் வரும் விளைவும் இல்லாமல் தானாக நிற்கும் வண்டியைச் செய்தார்கள். ஆக, ஒரே காரணம் என்று ஒன்று இல்லை. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முன்சக்கரம் தானாகத் திரும்பி, சாய்வுக்குக் கீழே வந்து தாங்கிக்கொள்கிறது. அந்தச் சக்கரத்தைத் திரும்ப விடாமல் இறுக்கிப் பிடித்தால் வண்டி விழுகிறது. மணலில் முன்சக்கரம் ஆடும்போது பயப்படாதீர்கள் என்று சொல்வது எளிது, கைதான் கேட்காது. எனக்கு அது வசப்படக் குறைந்தது ஏழெட்டு முறை விழ வேண்டியிருந்தது.

மலைக் கிராமங்களுக்குப் போகும் சரளைப் பாதைகளில் ஓர் இடத்தில் திடீரென்று வண்டி தடதடவென்று நடுங்கும். பாதை முழுக்கக் குறுக்கே அலை அலையாக மேடு பள்ளம், துணி துவைக்கும் பலகை மாதிரி. யாரும் வேலை மெனக்கெட்டு வெட்டியதல்ல. வண்டிகள் ஓடி ஓடித் தானாக உருவானது. ஷாக் அப்சார்பரின் துள்ளலால் வருகிறது என்று பலர் நம்பியிருந்தார்கள். 2007இல் நிக்கோலா தபெர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் மூவரும் சுழலும் மணல் தட்டில் ஒரு சிறு சக்கரத்தை ஓடவிட்டுச் சோதித்தார்கள். ஸ்பிரிங் இல்லாத சக்கரமும் அலையை உண்டாக்கியது. மணலின் அளவை மாற்றினாலும் உண்டானது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மட்டும் உண்டாகவில்லை. அந்த வேகம் நடை வேகத்துக்குப் பக்கத்தில் என்பதால் நடைமுறையில் தப்ப வழியில்லை. கல்லெறிந்தால் குளத்து நீரில் அது தத்தித் தத்திப் போகுமே, அதே இயற்பியல்தான் இது.

மேடுகளுக்கு இடையே 60 சென்டிமீட்டர் என்றால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்குப் பதினெட்டு உலுக்கல். வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் குறைவதாகத் தோன்றும். சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் மேட்டுக்கு மேடு தாவுகிறது. சொகுசாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. தாவும் சக்கரம் பாதி நேரம் காற்றில் இருக்கிறது, காற்றில் இருக்கும் சக்கரத்துக்குப் பிரேக்கும் கிடையாது, திருப்பமும் கிடையாது. இப்படிப்பட்ட பாதையில் ஓரத்தில் அலை விழாத ஓரடி இடம் இருக்கும். அதைத் தேடிப் பிடிப்பதே நல்லது.

பிரேக் கணக்கையும் பார்த்துவிடலாம். காய்ந்த தாரில் உராய்வுக் கெழு 0.8 என்றால் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 18 மீட்டர் போதும். சரளையில் அது 0.4 ஆகக் குறைந்தால் 35 மீட்டர். வேகத்தை 40க்குக் குறைத்தால் சரளையிலும் 16 மீட்டரில் நிற்கலாம். இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். தாரில் அது உயிர்காக்கும் கருவி. சரளையில் மட்டும் ஒரு சிக்கல்: பூட்டிக்கொண்ட சக்கரம் முன்னால் சரளையைக் குவித்து அதில் முட்டி நிற்கும், ஏ.பி.எஸ். அப்படிக் குவிய விடாது. அதனால்தான் அட்வெஞ்சர் வண்டிகளில் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை மட்டும் அணைக்கும் வசதி வைத்திருக்கிறார்கள். தார் ஏறியதும் மறக்காமல் போட்டுவிட வேண்டும்.

இனி நண்பர்கள். ஐந்து பேர் ஒன்றாகப் போவதில் முதல் எதிரி புழுதி. ஸ்டோக்ஸின் விதிப்படி கணக்கிட்டால், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருமனுள்ள தூசி நொடிக்கு எட்டு மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். ஒன்றரை மீட்டர் உயரத்துக்குக் கிளம்பிய தூசி அசையாத காற்றில் தரையைத் தொட மூன்று நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் காத்திருந்து யாரும் பயணம் போக முடியாது. எனவே காற்று வீசும் திசையைப் பார்த்து, அது வரும் பக்கத்து ஓரத்தில் ஓட்டுவதும், முன்னால் போகும் வண்டி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இடைவெளி விடுவதுமே வழி.

இடைவெளி விட்டால் வழி தவறுமே? அதற்கு ஓர் எளிய ஏற்பாடு உண்டு. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருபவருக்கு மட்டும் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில் நின்று, பின்னால் வருபவர் கண்ணில் பட்ட பிறகே நகர வேண்டும். முன்னால் இருப்பவரைத் துரத்தவே கூடாது. மலையில் செல்போன் சிக்னல் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் நகோயாவில் நடத்திய சோதனை நல்ல சாட்சி. 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். குறுக்கே எதுவும் வரவில்லை. ஆனாலும் யாரோ லேசாகத் தயங்க, அடுத்தவர் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடிக்க, சிறிது நேரத்தில் சில கார்கள் அப்படியே நின்றுவிட்டன. நெருக்கிப் போகும் ஐந்து வண்டிகளில் முதலாமவரின் சிறு தயக்கம் கடைசி ஆளிடம் அவசர பிரேக்காகப் போய்ச் சேரும். அனுபவம் குறைந்தவரைக் கடைசியில் விடுவது நம் வழக்கம். அவரை இரண்டாவதாக விட்டு, நன்றாக ஓட்டுபவர் கடைசியில் வருவதே சரி.

எங்கள் பயணத்தில், ஜமுனாமரத்தூருக்கு முன்னால் ஒரு கிளைப் பாதையில் ஓடை ஒன்று குறுக்கிட்டது. முழங்கால் ஆழம்கூட இல்லை. இறங்கலாம் என்று முதல் வண்டி கியரைப் போட்டபோது கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கையை ஆட்டினார். "எறங்காதீங்க தம்பி. தண்ணி செவந்து வருது பாருங்க, மேல பேஞ்சிருக்கு." எங்கள் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று இருந்தது. வண்டிகளை மேட்டில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். அரை மணி நேரத்துக்குள் தண்ணீர் இடுப்பளவு ஆகிவிட்டது. ஓடும் நீர் தள்ளும் விசை அதன் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடும்: வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. வேகத்தோடு ஆழமும் சேர்ந்து ஏறினால் 200 கிலோ வண்டி ஒரு பொருட்டே இல்லை. ஓடை எப்படி வெள்ளமாகும் என்பதை அவர் நீரின் நிறத்தில் படித்துவிட்டார். நாங்கள் செல்போனில் வரைபடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அமைதியான ஓடையாக இருந்தாலும் முதலில் ஒருவர் நடந்து கடந்து பார்க்க வேண்டும். தண்ணீரில் வண்டி அணைந்துவிட்டால் உடனே ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கரைக்குத் தள்ளி வந்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

ஹெல்மெட்டைப் பற்றி ஒரு கணக்கு போதும். நின்ற வண்டியோடு சாய்ந்து விழுந்தாலே 1.6 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தலை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மக்கோல் போன்ற நுரை மூன்று சென்டிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால், தலை உணரும் வேகத்தடை புவியீர்ப்பைப் போல 50 மடங்கு. அந்த நுரை இல்லாமல் மூன்று மில்லிமீட்டரில் நின்றால் 500 மடங்கு. நசுங்கிய நுரை மறுபடி எழும்பாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், தூக்கிப் போட்டுவிடுங்கள். கணுக்காலை மூடும் பூட்ஸும் வேண்டும். மண் பாதையில் வண்டிக்கு அடியில் மாட்டுவது பெரும்பாலும் கால்தான்.

எங்கே ஓட்டலாம் என்பதில் ஒரு கண்டிப்பு தேவை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் இறந்ததற்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கே கட்டுப்பாடுகள் கடுமையாகிவிட்டன. கிராமங்களை இணைக்கும் பொதுப் பாதைகளே தாராளமாக இருக்கின்றன, அவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கேயும், ஈரமாக இருக்கும் ஏற்றத்தில் பின்சக்கரத்தைச் சுழலவிட்டு மண்ணை வாரி இறைக்காதீர்கள். அந்தக் கோடு அடுத்த மழையில் வாய்க்கால் ஆகும். அதற்கடுத்த மழையில் அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதை அறுந்து கிடக்கும்.

மறுநாள் மதியம் போளூர் வந்து சேர்ந்தோம். பசி. எல்லோரும் சாப்பாட்டுக் கடையைத் தேடினார்கள், நான் பஞ்சர் கடையைத் தேடினேன். மண்ணுக்காகக் காற்றிறக்கிய டயரைத் தார்ச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிரும். அந்த வேலையின் ஒரு பகுதி ரப்பருக்குள் வெப்பமாகத் தங்கும். டயர் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகும். சாப்பிட்டுவிட்டு அடிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள், மறந்துபோகும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று உங்கள் வண்டியின் செயின் கவரிலோ பின் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.